இண்டியானா ஜோன்ஸுக்கு வயசாச்சு, சரி, அதனால என்ன?

2023 ஜூன் கடைசில இண்டியானா ஜோன்ஸ் சீரிஸோட அஞ்சாவது படம் 'டயல் ஆஃப் டெஸ்டினி' வந்தப்போ எங்க வாட்ஸப் குரூப்ல ஓடுன ஒரே பேச்சு, "80 வயசுல இந்த மனுஷனுக்கு இது தேவையா"ங்கறதுதான். படம் பாத்தவனும் அதையே சொன்னான், பாக்காதவனும் அதையேதான் சொன்னான். சாட்டையும் தொப்பியுமா பழம்பொருள் தேடி அலையற தொல்லியல் ப்ரொஃபசர் இண்டியானா ஜோன்ஸா, சுருக்கமா இண்டி, நடிக்கற ஹாரிசன் ஃபோர்ட் ஓடுறாரு, குதிரை ஓட்டுறாரு, குத்து விடுறாரு, யாராச்சும் ஒரு சேர் போட்டு உக்கார வைங்கப்பான்னு மீம் வேற. எனக்கு அப்பவும் சரி இப்பவும் சரி, இந்தப் புலம்பல்ல பிரச்சனைய தப்பான இடத்துல தேடறாங்கன்னுதான் தோணுது. வயசான ஹீரோவ வச்சு சாகசப் படம் எடுக்க முடியுமா, எடுத்தா எப்படி எடுக்கணும், இதுக்கெல்லாம் இந்த சீரிஸே 1989லயே பதில் சொல்லிடுச்சு. சொன்னவங்களே அப்புறம் மறந்துட்டாங்க, அதான் கடுப்பு.

மூணாவது படம் 'லாஸ்ட் க்ரூசேட்'. இண்டியோட அப்பாவா ஷான் கானரி. அப்பாவும் புள்ளையும் ஒரு கடற்கரைல மாட்டிக்கறாங்க, மேல ஒரு ஜெர்மன் ஃபைட்டர் பிளேன் திரும்பி வருது, இண்டி துப்பாக்கிய எடுத்து பாத்தா குண்டு காலி. ஹீரோவுக்கு அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல, முகத்துலயே அது தெரியுது. அப்பதான் அந்த ட்வீட் கோட்டு போட்ட கிழவரு பையிலேர்ந்து குடைய எடுத்து படக்குனு விரிச்சு, கோழி மாதிரி கொக்கரிச்சுக்கிட்டே மணல்ல உக்காந்திருக்கற கடல்பறவைக் கூட்டத்த பாத்து ஓடுறாரு. பறவை எல்லாம் ஒண்ணா எந்திரிச்சு பறக்குது, பிளேன் நேரா அதுக்குள்ள பூந்து பாறைல போய் மோதி வெடிக்குது. இவரு குடைய தோள்ல சாச்சுக்கிட்டு, பழைய ஐரோப்பிய ராஜா சார்லமேன் சொன்னது ஒண்ணு திடீர்னு ஞாபகம் வந்துச்சுன்னு சொல்லிட்டு, வாக்கிங் போறவரு மாதிரி நடந்து வர்றாரு. இண்டி அவர பாக்கற பார்வை இருக்கே, அதுவரைக்கும் படம் பூரா அப்பாவ ஒரு தொல்லையா பாத்தவன் அந்த இடத்துலதான் மொதல் தடவையா மனுஷனா பாக்கறான்.

இதுல கானரி யாரையும் அடிக்கல, தாவல, தொங்கல. படிச்சத வச்சு ஜெயிக்கறாரு. அதே சமயம் சும்மா மூலைல உக்காந்து அறிவுரை சொல்ற தாத்தாவும் இல்ல. மகன மொதமொதல்ல பாக்கற சீன்ல, எதிரின்னு நெனச்சு அவன் தலையிலயே ஒரு பழைய ஜாடிய போட்டு உடைச்சுட்டு, அடி பட்டவன விட்டுட்டு, அய்யோ ஜாடி போச்சேன்னு உடைஞ்ச துண்ட எடுத்து பாத்து, நல்லவேளை இது போலின்னு நிம்மதி ஆவாரு. ஒரு ப்ரொஃபசருக்கு வயசானா எப்படி இருப்பான்னு இதவிட தெளிவா யாரும் எழுதினதில்ல. படம் வந்தப்போ கானரிக்கு 58. ஃபோர்டுக்கு 46. ரெண்டு பேருக்கும் நிஜத்துல 12 வருஷம்தான் வித்தியாசம், ஆனா அப்பா புள்ளன்னு நம்பிட்டோம், ஏன்னா கானரி அந்த வயச உடம்புல இல்லாம நடத்தைல காட்டுனாரு.

இப்ப ஒரு கணக்கு போடுங்க. கதைப்படி இண்டி பொறந்தது 1899. நாலாவது படம் 'கிரிஸ்டல் ஸ்கல்' நடக்கறது 1957ல. அதாவது நாலாவது படத்துல இண்டிக்கு சரியா அந்த குடைக்கார அப்பா வயசு. அந்த பாத்திரத்த அப்படியே இவரு மேல போட்டிருந்தாலே போதும், படம் ரெடி. அப்பா மாதிரி ஆகவே மாட்டேன்னு இருந்தவன் அப்பாவாவே ஆகி நிக்கறான், இதுக்கு மேல என்ன கதை வேணும்?

பண்ணலயே. அதுக்கு போறதுக்கு முன்னாடி, இண்டிக்கு ஏன் வயசாகறது இவ்வளவு பொருந்தும்னு நான் நெனைக்கறேன்னு சொல்லிடறேன்.

1981ல 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' வந்தப்போ ஃபோர்டுக்கு 38. அவரு மொத சாய்ஸ் கூட இல்ல, டாம் செல்லெக்க போட்டு வச்சிருந்தாங்க, அவரு டிவி சீரியல் கமிட்மெண்ட்ல மாட்டுனதால இவருக்கு வந்துச்சு. அந்த மொதப் படத்துலயே இண்டி அடி வாங்கி சோர்ந்து போன ஆளு. லாரி சண்டைக்கு அப்புறம் கப்பல்ல ஒரு சீன், உடம்பெல்லாம் ரணம், பழைய காதலி மேரியன் எங்க தொட்டாலும் வலிக்குதுன்னு கத்தறான், அவ கடுப்பாகி "அப்ப எங்கதான்யா வலிக்கல"ன்னு கேக்கறா, இவன் முழங்கைய காட்டறான், அப்புறம் நெத்தி, கண்ணு, அப்படியே போகும். பத்து வருஷத்துக்கு முன்னாடி பாத்த ஆளு இல்லயே நீன்னு அவ சொல்லும்போது, வயசு இல்லம்மா ஓடுன கிலோமீட்டர் அப்படின்னு ஒரு பதில். 38 வயசுல! அந்த ஒரு வசனத்துலயே இந்த பாத்திரத்துக்கு வயசாகற உரிமைய எழுதி குடுத்துட்டாங்க.

இன்னொரு சீனும் எல்லாருக்கும் தெரியும். கெய்ரோ சந்தைல கறுப்பு உடை போட்ட ஆளு ஒரு பெரிய வாள சுத்து சுத்துன்னு சுத்துவான், இண்டி சலிப்பா ஒரு பார்வை பாத்துட்டு துப்பாக்கிய எடுத்து டப்புன்னு சுட்டுட்டு போயிடுவான். உண்மைல அங்க பெரிய சாட்டை-வாள் சண்டை பிளான் பண்ணி வச்சிருந்தாங்க. துனிசியால ஷூட்டிங், ஃபோர்டுக்கு வயித்துப்போக்கு, நிக்கவே முடியல, டிரெய்லர விட்டு தள்ளி ரொம்ப நேரம் இருக்க முடியாத நிலைமை. இவன பேசாம சுட்டுடலாமேன்னு ஒரு பேச்சு வந்து அப்படியே எடுத்தாங்க. சீரிஸ்லயே தியேட்டர் அதிர சிரிச்ச சீன் அதுதான். அதாவது ஹீரோ உடம்பு ஒத்துழைக்காத அன்னிக்குத்தான் அந்த பாத்திரத்தோட குணம் முழுசா வெளிய வந்துச்சு. ஜேம்ஸ் பாண்ட் கசங்காம இருக்கணும், சூப்பர்மேனுக்கு வலிக்கக் கூடாது. இண்டிக்கு வலிக்கணும், வலிச்சாத்தான் அது இண்டி.

ரெண்டாவது படத்துல நிஜமாவே முதுகு போச்சு. 'டெம்பிள் ஆஃப் டூம்', 1984. இந்தியால நடக்கற கதை, ஆனா நம்ம அரசாங்கம் ஸ்கிரிப்ட பாத்துட்டு அனுமதி குடுக்காததால இலங்கைல கண்டி பக்கம் எடுத்தாங்க. அந்த தொங்குபாலம் செட்டு கிராஃபிக்ஸ் எல்லாம் கிடையாது, விக்டோரியா அணை வேலை நடந்துட்டிருந்த இடத்துக்கு பக்கத்துல, அந்த இன்ஜினியர்கள் உதவியோட நெஜமா கட்டுனது, நெஜமாவே அறுத்து விட்டது. வட இந்திய கிராமம்னு காட்டறாங்க, ஊர்க்காரங்க பேசறது சிங்களம், கேட்டுப் பாருங்க. அதுல வில்லன் மோலா ராமா வர்ற அம்ரிஷ் புரிய நமக்கு 'தளபதி' கலிவரதனா தெரியும். குரங்கு மூளை, பாம்பு விருந்துன்னு அந்தப் படம் இந்தியாவ காட்டுன லட்சணத்த பத்தி தனியா ஒரு பதிவே எழுதலாம், இன்னிக்கு வேணாம். விஷயம் என்னன்னா, யானை மேல உக்காந்து உக்காந்து ஃபோர்டுக்கு முதுகு டிஸ்க் நகர்ந்து, சிகிச்சைக்கு அமெரிக்கா திரும்பிட்டாரு. அவரு இல்லாத வாரங்கள்ல டூப் விக் ஆர்ம்ஸ்ட்ராங்க வச்சுத்தான் சுரங்க சண்டைய பெரும்பாலும் எடுத்து முடிச்சாங்க. அப்ப ஃபோர்டுக்கு 41. இளமைலயே இந்த சீரிஸ் டூப்பையும் ஃபோர்ட் முகத்தையும் ஒட்டித்தான் ஓடுச்சு, அதனால 80 வயசுல டூப் போட்டாங்கன்னு சிரிக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

சரி, நாலாவது படம். 2008. கடைசி படம் வந்து 19 வருஷம் கழிச்சு, ஃபோர்டுக்கு 65. ஒரு விஷயத்துல இவங்கள பாராட்டணும், நிஜத்துல போன வருஷத்த கதைலயும் போக விட்டாங்க, 1938லேர்ந்து 1957க்கு வந்தாங்க, நாஜி போய் சோவியத் வந்துச்சு, பழைய சீரியல் டைப் சாகசம் போய் அம்பதுகளோட பறக்கும் தட்டு படம் மாதிரி ஆச்சு. இண்டிய உருவாக்குன ஜார்ஜ் லூகாஸ் ஐடியா அது, ஐடியாவா பாத்தா புத்திசாலித்தனம்தான். ஆனா ஃபிரிட்ஜ்! நெவாடா பாலைவனத்துல அணுகுண்டு சோதனை, இண்டி ஈயம் பூசுன ஃபிரிட்ஜுக்குள்ள பூந்துக்கறான், குண்டு வெடிச்சு ஃபிரிட்ஜு மைல் கணக்குல பறந்து போய் டமால் டமால்னு உருண்டு விழுது, கதவ தொறந்துட்டு எந்திரிச்சு வந்துடறான். எல்லாரும் இத லாஜிக் இல்லன்னு திட்டுனாங்க, லாஜிக் எந்த படத்துல இருந்துச்சு, ரப்பர் படகுல விமானத்துலேர்ந்து குதிச்சவங்கதானே இவங்க. என் கோபம் வேற. 1981ல ஒரு குத்து வாங்குனா ராத்திரி வரைக்கும் வலிச்ச ஆளுக்கு, 2008ல அணுகுண்டே வலிக்கல. வயசு ஏற ஏற வலி கூடணும், இங்க குறைஞ்சிடுச்சு. அங்கேயே அந்த பாத்திரம் கைய விட்டு போச்சு.

அதே படத்துல ரொம்ப சின்னதா ஒரு நல்ல இடம் இருக்கு. காலேஜ்ல பைக் சேஸ், பின்னாடி உக்காந்துக்கிட்டு இண்டி, பைக்கு லைப்ரரிக்குள்ள பூந்து மேஜைக்கு அடில சறுக்கிட்டு போய் நிக்குது, ஒரு ஸ்டூடண்ட் அசராம "சார் ஒரு டவுட்டு"ன்னு கேக்கறான், இவரு கீழ கிடந்தபடியே எந்த புத்தகம் படிக்கணும்னு சொல்லிட்டு, நல்ல அகழாய்வாளனா வரணும்னா லைப்ரரிய விட்டு வெளிய போகணும்னு சொல்லிட்டே பைக்ல ஏறி போயிடறாரு. இதான். வண்டிய சின்னப் பையன் ஓட்டறான், பெரியவரு பின்னாடி உக்காந்து வழியையும் சொல்றாரு பாடமும் எடுக்கறாரு. ரெண்டு மணி நேரமும் இப்படி ஓட்டியிருக்கலாம், அத அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு குரங்கோட சேந்து கொடில ஆடவிட்டுட்டாங்க, அதுவும் பையன.

வாரிசு விஷயம் இங்க வருது. ஷியா லபூஃப்தான் இண்டியோட மகன், கடைசி சீன்ல கல்யாணம் நடக்கற சர்ச்சுக்குள்ள காத்துல தொப்பி உருண்டு வந்து அவன் காலடில நிக்குது, எடுத்து போட்டுக்க போறான், இண்டி வந்து வெடுக்குனு பிடுங்கி தன் தலைல வச்சுக்கிட்டு போயிடறாரு. பாக்க ஜாலிதான், ஆனா தொப்பிய குடுக்கவும் மனசில்ல, குடுக்காம இருக்கவும் தைரியமில்லங்கற கம்பெனியோட குழப்பம் அப்படியே அதுல தெரியும். அஞ்சாவது படத்துல அந்த மகன வியட்நாம் போர்ல செத்துட்டான்னு ஒரு வசனத்துல முடிச்சுட்டாங்க.

ஆள மாத்திடலாமேன்னு கேக்கறவங்களும் இருக்காங்க, பாண்ட் மாதிரி. பாண்ட் கணக்கு வேற. அது ஒரு நம்பர், ஒரு போஸ்டிங், ஒருத்தர் ரிட்டையர் ஆனா அடுத்தவர் ஜாயின் பண்ணலாம். புத்தகத்துலேர்ந்து வந்தவன், எந்த நடிகனுக்கும் முன்னாடியே இருந்தவன். அதுலயுமே லேட்டா மாத்துனா அசிங்கம்தான், ரோஜர் மூர் 57 வயசுல கடைசி பாண்ட் படம் பண்ணிட்டு, அதுல தனக்கு வயசு ரொம்ப அதிகம்னு பின்னாடி அவரே கிண்டல் பண்ணிக்கிட்டாரு. இண்டி அப்படி இல்ல, அந்த கோணல் சிரிப்பும், அய்யய்யோ இது வேலைக்காகாது போலயேங்கற முழியும் ஃபோர்டோடது. தான் போனா அவனும் போனான்னு ஃபோர்டே 2019ல டிவில சொன்னாரு. 'ஸ்டார் வார்ஸ்'ல ஃபோர்ட் பண்ண ஹான் சோலோவுக்கு வேற ஆள போட்டு 2018ல எடுத்து கையச் சுட்டுக்கிட்டது வேற ஞாபகத்துல இருக்குமில்ல.

ஆனா ஒரே ஒரு தடவை ஆள மாத்துனது அழகா ஒட்டுச்சு, அதுவும் லாஸ்ட் க்ரூசேட்லதான். படத்தோட ஆரம்பத்துல 1912ல சிறுவன் இண்டி வேஷத்துல ரிவர் ஃபீனிக்ஸ். அவரு அதுக்கு முன்னாடியே இன்னொரு படத்துல ஃபோர்டுக்கு மகனா நடிச்சவரு, பக்கத்துலேயே இருந்து பாத்தவரு, அதனால இண்டிய காப்பி அடிக்காம ஃபோர்டுங்கற மனுஷன உள்வாங்கி நடிச்ச மாதிரி இருக்கும். கால் மணி நேரத்துக்குள்ள சாட்டை, தாடைல தழும்பு, பாம்பு பயம், தொப்பி எல்லாத்துக்கும் கதை சொல்லி முடிச்சுடுவாங்க. தொண்ணூறுகள்ல லூகாஸ் எடுத்த சின்ன வயசு இண்டி டிவி சீரிஸ்ல இதவிட சுவாரசியமான ஒண்ணு இருந்துச்சு. ஜார்ஜ் ஹால்னு ஒரு நடிகர், 93 வயசு இண்டி வேஷத்துல, ஒரு கண்ணுல பட்டை கட்டிக்கிட்டு, மியூசியத்துல தெருவுல கெடச்ச ஆளப் புடிச்சு வச்சு "அந்தக் காலத்துல"ன்னு ஆரம்பிப்பாரு. எனக்கு அந்த கிழவர ரொம்ப புடிக்கும். பின்னாடி வீடியோவுக்காக மறுபடி எடிட் பண்ணப்போ அந்த பகுதிகளையே வெட்டி தூக்கிட்டாங்க. வயசான இண்டின்னா இவங்களுக்கு எப்பவுமே ஒரு கூச்சம்னு நான் சொல்றதுக்கு இத விட ஆதாரம் வேணுமா.

அந்த கூச்சம்தான் 2023ல கம்ப்யூட்டர் முகமா வந்து நின்னுச்சு. டயல் ஆஃப் டெஸ்டினியோட மொத 25 நிமிஷம் மாதிரி 1944ல நடக்குது, நாஜி ரயிலு, ராத்திரி, ஃபோர்டுக்கு நாப்பது சொச்சம் வயசு முகம். லூகாஸ்ஃபிலிம் குடோன்ல கெடந்த பழைய ஃபுட்டேஜ் எல்லாம் தேடி எடுத்து, அந்த முகத்த இந்த உடம்புல ஏத்தியிருக்காங்க. நிறுத்தி நிறுத்தி பாத்தா முகம் பிரமாதம், சில ஷாட்ல நெஜமாவே 1984ன்னு தோணும். வாய தொறந்தா போச்சு. குரல் 79 வயசு குரல். கரகரன்னு அடித்தொண்டைலேர்ந்து வர்ற ஒரு பெரியவரோட குரல் அந்த இளமுகத்துலேர்ந்து வரும்போது, டப்பிங் படத்துல வேற ஆளுக்கு வேற குரல் குடுத்த மாதிரி இருக்கு. ரயில் கூரை மேல ஓடும்போது நடைலயும் அந்த எடை தெரியுது. கால் மணி நேரத்துக்கு மேல படம் பாக்காம, எங்கயாச்சும் ஒட்டு தெரியுதான்னு தையல் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

இதுக்கு நேர் எதிரா 2024 டிசம்பர்ல 'கிரேட் சர்க்கிள்'னு கேம் வந்துச்சு, மெஷின்கேம்ஸ் பண்ணது, கதை 1937ல. முகம் ஃபோர்டோடது, குரல் ட்ராய் பேக்கர்னு ஒரு குரல் நடிகர். கண்ண மூடிட்டு கேட்டா எண்பதுகளோட ஃபோர்டுதான், மூச்சு விடறது, வாக்கியத்த பாதில விட்டுட்டு முனகறது எல்லாம். ஃபோர்டே அத பாராட்டி, என் ஆன்மாவ திருட செயற்கை நுண்ணறிவு எல்லாம் வேணாம், நல்ல ஐடியாவும் திறமையும் இருந்தா சில்லறைக் காசுக்கே திருடிடலாம்ங்கற மாதிரி சொன்னாரு. வாலிப இண்டி வேணும்னு ஏங்கறவங்களுக்கு என் பதில் இதான், போய் கேம் ஆடுங்க, அங்க அவன் நல்லாவே இருக்கான். சினிமால அவன தோண்டாதீங்க.

ஏன்னா டயல் படத்துல அந்த 1944 முடிஞ்ச ஒடனே 1969க்கு ஒரு கட். நியூயார்க்ல ஒரு சின்ன ஃபிளாட், பக்கத்து வீட்டு பசங்க பாட்ட அலற விட்டிருக்காங்க, சேர்ல தூங்கிட்டிருந்த ஒரு கிழவரு அண்ட்ராயரோட எந்திரிச்சு கைல ஒரு பேஸ்பால் மட்டையோட போய் சண்டை போடறாரு. சட்டை இல்ல. தோல் தொங்குது. எந்த கம்ப்யூட்டரும் தொடல. சமையலறைல விவாகரத்து பேப்பர் கெடக்குது, அன்னிக்கு காலேஜ்ல கடைசி நாள், ரிட்டையர்மெண்ட்டுக்கு ஒரு கடிகாரம் குடுக்கறாங்க, அத ரோட்டுல போற ஒருத்தர் கைல திணிச்சுட்டு போயிடறாரு. நிலாவுக்கு போனவங்களுக்கு ஊர்வலம் நடக்குது வெளிய, உள்ள ஒருத்தரும் இவரு கிளாஸ கேக்கல. அந்த பத்து நிமிஷம் இந்த சீரிஸோட மிகச் சிறந்த பத்து நிமிஷத்துல ஒண்ணுன்னு நான் சண்டை போட்டு சொல்வேன். இப்படி ஒரு உடம்ப காட்டுன தைரியத்துக்கு டைரக்டர் ஜேம்ஸ் மேங்கோல்டுக்கு நன்றி. வயசான வோல்வரின வச்சு 'லோகன்' எடுத்தவரு, அவருக்கு இது தெரியும்.

தெரிஞ்சும் அப்புறம் குதிரைய சப்வே சுரங்கத்துக்குள்ள ஓட விட்டாரு. ஆட்டோவ மொராக்கோவுல டாஞ்சியர் சந்துல ஓட விட்டாரு, ஆட்டோன்னா நம்ம ஊரு மூணு சக்கரமேதான், அது மட்டும் பாக்க கொஞ்சம் சொந்தமா இருந்துச்சு. ஷூட்டிங்லயே சண்டை ரிகர்சல்ல ஃபோர்டுக்கு தோள்பட்டை அடிபட்டு வேலை தள்ளிப் போச்சு. எல்லாத்துக்கும் காரணம் காசுதான்னு நெனைக்கறேன். பட்ஜெட் சுமார் 300 மில்லியன் டாலர். அவ்வளவு போட்டா பத்து நிமிஷத்துக்கு ஒரு சேஸ் வச்சே ஆகணும், சேஸ் வச்சா செலவு ஏறும். உலகம் பூரா வசூல் 384 மில்லியன் கிட்ட, தியேட்டர்காரன் பங்கு போக பாத்தா நஷ்டம். 2008ல திட்டு வாங்குன படம் 790 மில்லியன் கிட்ட எடுத்துச்சுங்கறத பக்கத்துல வச்சு பாருங்க.

சிசிலி குகைல ஒரு ஏற்றம் வருது அதுல. இண்டியும், நண்பரோட மக ஹெலனாவும் பாறைல ஏறறாங்க. பாதில இவரு நின்னு மூச்சு வாங்கிட்டு ஒரு லிஸ்ட் போடறாரு, முதுகுத்தண்டுல இது, முட்டில அது, காளியோட ரத்தத்த குடிக்க வச்சாங்க, ஒம்போது தடவை சுட்டிருக்காங்க, அதுல ஒண்ணு உங்கப்பன் சுட்டதுன்னு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். 1981 கப்பல் சீன் மாதிரியேதான், நாப்பது வருஷ பாக்கியோட. பாத்தீங்கன்னா அந்த சீனுக்கு ஒரு டாலர் கூட கிராஃபிக்ஸ்ல போட்டிருக்க வேண்டியதில்ல, ஒரு பாறை, ரெண்டு பேரு.

அப்புறம் கிளைமாக்ஸ். கால ஓட்டைல பூந்து கி.மு. 212ல, ரோமானியர் சிராகூஸ் நகரத்த முற்றுகை போட்ட காலத்துக்கு போயிடறாங்க, இண்டிக்கு குண்டடி, எதுக்கால கணித மேதை ஆர்க்கிமிடீஸ். வாழ்நாள் பூரா ஓட்டு சில்லு பொறுக்கி இப்படி இருந்திருக்கும் அப்படி இருந்திருக்கும்னு பாடம் எடுத்த ஆளு முன்னாடி அந்த வரலாறே மூச்சு விட்டுக்கிட்டு நிக்குது. ஃபோர்ட் முகத்த அங்க பாருங்க, கண்ணு கலங்கி, குழந்தை மாதிரி. நான் இங்கயே இருந்துடறேன்னு கெஞ்சறாரு. இந்த ஒரு ஆச முப்பது வயசு இண்டிக்கு வரவே வராது, அவனுக்கு திரும்பி போக ஊரு இருக்கு, ஆளு இருக்கு. இது கிழவனுக்கு மட்டுமே வரக்கூடிய கதை. ஹெலனா ஒரு குத்து விட்டு தூக்கிட்டு வந்துடறா, விட்டுட்டு வந்திருக்கணும்னு சொல்ற கட்சி ஒண்ணு இருக்கு. நான் அந்தக் கட்சி இல்ல, ஏன்னா அடுத்த சீன்ல மேரியன் வர்றா, ரெண்டு பேருக்கும் நரைச்சுப் போச்சு, எங்க வலிக்கலன்னு மறுபடி கேக்கறாங்க, மறுபடி முழங்கைலேர்ந்து ஆரம்பிக்குது. அத இழக்க நான் தயாரா இல்ல.

ஆக எடுக்கத் தெரியாமலாம் இல்ல. 1969 ஃபிளாட், குகை ஏற்றம், ஆர்க்கிமிடீஸ், மேரியன், இந்த நாலும் வயச நம்பி எழுதுன இடம். மிச்சம் ரெண்டு மணி நேரமும் வயச மறைக்க எழுதுன இடம். டாம் க்ரூஸ் ரூட்டு ஒண்ணு இருக்கு, 62 வயசுல பிளேன் ரெக்கைல தொங்கி எனக்கு வயசே இல்லன்னு காட்டறது, அது அவரோட பிராண்டு, அதுல இண்டிய போட்டா ஒட்டாது. குத்துச்சண்டை வீரன் ராக்கியா நடிச்ச ஸ்டலோன் 'க்ரீட்'ல பண்ண ரூட்டு இன்னொண்ணு, ரிங்குக்கு வெளிய வந்து சின்னப் பையனுக்கு கோச்சா நிக்கறது, அழகான படம். ஆனா அதுல ராக்கி சைடுக்கு போயிட்டாரு. இண்டிக்கு சைடுக்கு போக வேண்டிய அவசியமே இல்ல, ஏன்னா அவன் பாதி நேரம் வாத்தியாரு. குத்துச்சண்டைக்காரனுக்கு கை போனா தொழில் போச்சு, வாத்தியாருக்கு எண்பதுலதான் சரக்கு நெறைய இருக்கும்.

என்னை கேட்டா அஞ்சாவது படத்த எப்படி எடுத்திருப்பேன்னு சொல்லிடறேன், கேக்காட்டியும் சொல்வேன். வருஷம் 1969ஐ கொஞ்சம் தள்ளி 1970. அந்த வருஷம்தான் திருட்டு கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரா யுனெஸ்கோ ஒப்பந்தம் வருது. வாழ்நாள் பூரா "இது மியூசியத்துல இருக்க வேண்டியது"ன்னு கத்துன ஆளுகிட்ட உலகமே திரும்பி, யார் மியூசியத்துலன்னு கேக்க ஆரம்பிச்ச காலம். நடிகருக்கு மட்டுமா வயசாச்சு, அந்த சாகசத்துக்கே வயசாச்சு, ரெய்டர்ஸ் ஆரம்பத்துல, 1936ல பெரு காட்டுக்குள்ள பூந்து கோயில் செலைய மணல் பைக்கு மாத்தி எடுத்தத இன்னிக்கு பாத்தா அது செலைத் திருட்டு. ஸ்ரீபுரந்தான் கோயில்லேர்ந்து திருடு போன நடராஜர் கதை நமக்கு தெரியும், ஆஸ்திரேலியாவுல கான்பெர்ரா தேசிய கேலரி 2008ல 50 லட்சம் டாலர் குடுத்து வாங்கி, 2014ல திருப்பிக் குடுத்தாங்க. அது எந்த கோயில்துன்னு புடிச்சது துப்பாக்கி சண்டைல இல்ல, புதுச்சேரி ஃபிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ல எப்பவோ எடுத்து வச்ச பழைய போட்டோவ பக்கத்துல வச்சு, பிசிறு பிசிறா ஒப்பிட்டுப் பாத்து. இதவிட ஒரு வயசான ப்ரொஃபசருக்கு ஏத்த சாகசம் உண்டா?

அதனால என் படத்துல இண்டி எடுக்கப் போகல, திருப்பி வைக்கப் போறாரு. இது புதுசும் இல்ல, டெம்பிள் ஆஃப் டூம் முடிவுல சங்கரா கல்ல மியூசியத்துக்கு குடுக்காம ஊருக்கே திருப்பிக் குடுத்துட்டு, அங்க வச்சா இன்னொரு கல்லா தூசி புடிக்கும்னு அவரே சொல்லியிருக்காரு. ஒரு பணக்காரன் வீட்டு அலமாரில இருக்கற செலைய, முப்பத்தி நாலு வருஷம் முன்னாடி தான் கெடுத்த அதே கோயிலுக்குள்ள, அதே பொறிகள தாண்டி, முட்டி வலியோட, கொண்டு போய் அந்த மேடைல வைக்கணும். பொறி எங்க இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும், ஓடத்தான் முடியாது. கூட வர்றதுக்கு புது ஆளு யாரும் வேணாம், டெம்பிள் ஆஃப் டூம்ல இண்டி கூடவே வந்த பொடியன் ஷார்ட் ரவுண்ட கூப்பிடுங்க, அதுல நடிச்ச கே ஹுய் க்வான் 2023ல ஆஸ்கர் வாங்கிட்டு மேடைல ஃபோர்ட கட்டிப் புடிச்சத பாத்து அழாதவன் யாரு. பத்து பன்னெண்டு வயசுல இண்டி முதுகுல தொத்திக்கிட்டு திரிஞ்ச பையன், இப்ப அவனுக்கே நாப்பது சொச்சம், அவருக்கு மாத்திரை எடுத்து குடுக்கறான், திட்டறான்.

ஃபோர்ட் இதோட முடிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டாரு, அதனால இது நடக்காது. நடந்தாலும் ஸ்டுடியோவுல மொத கேள்வியே துரத்தல் இல்லாம டிரெய்லர் எப்படி வெட்டறதுன்னுதான் இருக்கும். சரி, ஒண்ணே ஒண்ணு வச்சுக்கலாம், பெரு மலைப்பாதைல ஒரு ஓட்டை பஸ்ஸு, பின்னாடி ரெண்டு ஜீப்பு சுட்டுக்கிட்டே வருது, ஷார்ட் ரவுண்ட் ஓட்டறான், இவரு பின் சீட்ல கோழிக்கூடைக்கும் டூரிஸ்டுக்கும் நடுவுல உக்காந்து, குண்டு பறக்கறத கண்டுக்காம, நீ மேப்ப தலைகீழா புடிச்சிருக்கடான்னு கத்திக்கிட்டே வரணும்.